வெள்ளிக்கிழமை மாறிய முகவரி

அன்று திங்கட்கிழமை. தௌஃபீக் ஆபீஸ் படியேறும்போதே சர்வர் ரூமில் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் எடுத்தால் அக்கவுண்ட்ஸிலிருந்து. அதை வைத்ததும் டெஸ்பாட்ச். அதற்கும் பதில் சொல்லி வைத்தால் பர்ச்சேஸ் செக்‌ஷனிலிருந்து கமலவேணி.

"தம்பி, நெட்டு சுத்தமா படுத்துடுச்சு. எதைத் தட்டினாலும் பக்கத்தக் காட்ட முடியலைன்னே வருது."

"வெள்ளிக்கிழமையிலேர்ந்தே மந்தமாத்தான் இருந்துச்சுக்கா. பாக்குறேன், கொஞ்சம் பொறுத்துக்கங்க."

அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் சுரங்கமும் அதை ஒட்டி ஒரு சிமெண்ட் ஆலையும் வைத்திருந்த கம்பெனி அது. கம்ப்யூட்டர் என்று எது இருந்தாலும் அதற்கு தௌஃபீக் ஒருவன்தான் பொறுப்பு. லப்பைக்குடிக்காட்டுக்காரன். அவனோடு பள்ளிக்கூடம் போனவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்தார்கள். இவன் மட்டும் திருச்சியில் எம்.சி.ஏ. முடித்துவிட்டு, ஊர்ப் பக்கமே இருந்துகொள்கிறேன் என்று இந்த வேலைக்கு வந்து சேர்ந்தான். மனைவி ஆஃப்ராவோடு அரியலூர் டவுனில் வாடகை வீட்டில் இருந்தான். அம்மா சாகிரா ஊரில். தம்பி காமில் துபாயில்.

லைன் போய்விட்டதா என்றுதான் முதலில் பார்த்தான். போகவில்லை. எண் முகவரியைக் கொடுத்துக் கூப்பிட்டால் வெளியே இருக்கும் சர்வர்கள் உடனே பதில் சொல்லின. பெயரைக் கொடுத்தால்தான் மௌனம். ஆபீசுக்குள்ளே ஸ்டோர்ஸ், எடைமேடை, மைன்ஸ் என்று எந்தப் பெயரைக் கேட்டாலும் திறந்தது. அப்படியானால் கோளாறு எங்கே என்று அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. உள்ளே இருக்கும் பெயர்களுக்கு ஆபீஸ் சர்வருக்கே விடை தெரியும். வெளியே உள்ள பெயர்களை யாராவது கேட்டால், அந்தக் கேள்வியை இன்டர்நெட் கம்பெனியின் சர்வருக்குத் தள்ளிவிட்டு, அங்கிருந்து வரும் விடையைக் கொண்டுவந்து கொடுக்கும். எங்கே தள்ள வேண்டும் என்று இரண்டு எண்களை அவன்தான் எழுதி வைத்திருந்தான். ஃபார்வர்டர் என்பார்கள். அந்த இரண்டும் அவனுக்கு மனப்பாடம்.

அந்தப் பக்கத்தைத் திறந்தான். அவன் எழுதிய எண்கள் அங்கே இல்லை. அவன் பார்த்தேயிராத வேறு இரண்டு எண்கள் இருந்தன.

சட்டென்று திரும்பிக் கதவைப் பார்த்தான். யாரும் இல்லை. ஏ.சி. மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. தன் கம்ப்யூட்டரில் மட்டும் பழைய எண்களைப் போட்டு நெட்டைத் திறந்து, இந்தப் புது எண்கள் யாருடையவை என்று தேடினான். விடை வந்தது.

துபாய்.

இரண்டாயிரத்து ஆறு, ஜூலை மாதக் கடைசி. மும்பையில் ரயில்களில் குண்டு வெடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. டீக்கடையில் பேப்பரை விரித்தவர்கள் இவன் போய் நின்றதும் பேச்சை மாற்றியதை அவன் கவனித்திருந்தான். இந்த சர்வரிலோ, பாறை உடைக்கிற வெடிமருந்து கிடங்கில் எவ்வளவு இருக்கிறது, அடுத்த லோடு எந்த வண்டியில் என்றைக்கு வருகிறது என்பது வரை எல்லாம் இருந்தது. தம்பி காமில் துபாயில் செய்வது நெட்வொர்க் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதே நாற்காலியில் உட்கார்ந்து அவனோடு சாட் செய்வது தௌஃபீக்கின் வழக்கம். அடுத்தவன் கண்ணால் இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது அவனுக்கே தன்மேல் சந்தேகம் வரும் போலிருந்தது.

ரிமூவ் பட்டன்மேல் அம்புக்குறி போய் நின்றது. அழுத்திவிட்டுப் பழைய எண்களைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். 'சரியாயிடுச்சுக்கா' என்று போனில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம். யாருக்கும் எதுவும் தெரியாது.

ஆனால் யார் மாற்றியது? நிஜமாகவே வெளியிலிருந்து எவனாவது உள்ளே நுழைந்திருந்தால்? நாளைக்கு ஏதாவது நடந்து, மெட்ராஸிலிருந்து ஆள் வந்து தோண்டிப் பார்த்து, துபாய் எண்களை அழித்தவன் தௌஃபீக் என்று கண்டுபிடித்தால்? சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். "யா அல்லாஹ்" என்று முணுமுணுத்தபடி எழுந்தான். எதையும் அழிக்காமல், திரையை அப்படியே விட்டுவிட்டு, ஜெனரல் மேனேஜர் அறைக்குப் போனான்.

ஜெனரல் மேனேஜர் சிவசுப்பிரமணியன் நல்ல மனிதர்தான். இவனை வேலைக்கு எடுத்தவரே அவர்தான். கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம் துபாய் என்றதும் மாறியது. செக்யூரிட்டி ஆபீசர் கலியபெருமாளைக் கூப்பிட்டார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"உக்காருங்க தம்பி," என்றார் கலியபெருமாள். "சர்வர் பாஸ்வேர்டு யாரு யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் ஜி.எம். சாருக்கும்தாங்க."

கலியபெருமாள் சிவசுப்பிரமணியனைப் பார்த்தார். ஜி.எம். மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். "ஆமா. ரெண்டு பேருக்குத்தான்," என்றார்.

"சாரு மாத்தியிருக்க மாட்டாரு. இல்லீங்களா?"

"மாட்டாருங்க."

"அப்ப?"

கலியபெருமாள் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"துபாய்ல உங்களுக்கு சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

"தம்பி இருக்கான்."

"என்ன வேல பாக்குறாரு?"

"கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலைங்க."

கலியபெருமாள் தலையை ஆட்டினார். ஊர்க்காரர் ஒருவர் குடும்ப நலம் விசாரிப்பதுபோலத்தான் இருந்தது. அதுதான் தௌஃபீக்கை நடுங்க வைத்தது.

"சார், நான் செஞ்சிருந்தா நானே வந்து உங்ககிட்ட சொல்லுவேனா?"

"அதையும் யோசிக்கணும்தான். ஆனா, மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் முன்னாடியே வந்து சொல்றவங்களையும் நான் பாத்திருக்கேன் தம்பி. உங்களச் சொல்லல. பொதுவாச் சொல்றேன். மருந்துக் கிடங்கு விவரம் அதுல இருக்கு பாருங்க, நான் ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆகணும். இல்லன்னா என் தலை உருளும். அதுவரைக்கும் நீங்க சர்வர் பக்கம் போவாதீங்க. செல்போன இங்க குடுத்துட்டு பர்ச்சேஸ் செக்‌ஷன்ல போய் உக்காருங்க."

தௌஃபீக் சிவசுப்பிரமணியனைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்வார், எனக்கு இந்தப் பையனைத் தெரியும் என்று சொல்வார் என எதிர்பார்த்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பர்ச்சேஸ் செக்‌ஷனில் கமலவேணியின் மேசைக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். விஷயம் அதற்குள் கசிந்திருந்தது. போகிற வருகிற எல்லோரும் அவனைப் பார்த்தார்கள், பார்த்த வேகத்திலேயே பார்வையை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அவன் வாசலைப் பார்த்தான். ஜீப்பாக இருக்குமோ? கூட்டிக்கொண்டு போனால் ஆஃப்ராவிடம் யார் சொல்வார்கள்? டி.வி.யில் முகத்தைத் துணியால் மூடி அழைத்துப் போவார்களே, அப்படியா? ஊர் முழுக்க, சந்துக்குச் சந்து, சாகிரா மகன் என்று பேசிக்கொள்வார்கள். குற்றமே இல்லை என்று பிறகு விட்டாலும் அந்தப் பேச்சை யார் திரும்ப வாங்குவார்கள்?

கமலவேணி கைவேலையை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். கணவன் இறந்த பிறகு கம்பெனி கொடுத்த வேலை. அதனால் யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டாள்.

டிபார்ட்மென்ட் ஆட்கள் டீக்குப் போனதும் ஃபைலை எடுக்கிறவள்போல எழுந்து வந்து குனிந்தாள்.

"தம்பி, வெள்ளிக்கெழம மத்தியானம் நீங்க எங்க இருந்தீங்க?"

"தொழுகைக்குப் போயிருந்தேன்க்கா. ஒவ்வொரு வெள்ளியும் போறதுதானே."

"அப்ப சர்வர் ரூம்ல அந்த செபஸ்டின் உக்காந்திருந்தாரு. ஸ்டோர்ஸுக்குப் புதுசா சாப்ட்வேர் போட மெட்ராஸ்லேர்ந்து வந்தாரே, வரதராஜன்பேட்டைக்காரரு. நான் கையெழுத்து வாங்கப் போனேன். ஜி.எம். சாருதான் கதவத் தொறந்து வுட்டுட்டு பக்கத்துல நின்னாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சு, சீக்கிரம் முடிங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு."

தௌஃபீக் நிமிர்ந்தான். "அக்கா, இத நீங்க அவருகிட்ட..."

"என்னால முடியாது தம்பி." "ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கேன். ஜி.எம்.முக்கு எதிரா நான் சாட்சி சொன்னேன்னு ஆயிடக் கூடாது. என் பேர மட்டும் சொல்லிடாதீங்க. எங்க ஏலாக்குறிச்சி மாதா மேல ஆணையா, ஒங்களப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்கவும் முடியல." இடுப்பில் செருகியிருந்த செபஸ்டினின் விசிட்டிங் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். போனை அவன் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே போய்விட்டாள்.

செபஸ்டின் போனை எடுத்தபோது பின்னால் மெட்ராஸ் பஸ் ஹாரன் கேட்டது.

"சர்வரா? நான் சர்வரையே தொடலையே சார். ஸ்டோர்ஸ் மெஷின்லதான் போட்டேன். ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"செபஸ்டின், போலீசுக்குச் சொல்லப் போறாங்க. என்னையத்தான் பிடிப்பாங்க."

"எதுக்கு போலீஸ்?"

தௌஃபீக் மனதில் பதிந்திருந்த இரண்டு துபாய் எண்களையும் மெதுவாகச் சொன்னான். அந்தப் பக்கம் அவன் அவற்றைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது கேட்டது.

"ஐயோ," என்றான் செபஸ்டின் கடைசியில். "அது நான் துபாயில வேல பாத்த எடத்து நம்பரு சார். அங்க எழுதுன செட்டப் ஃபைல அப்படியே வச்சிருக்கேன். இங்க ஓடவுட்டேன். அது ஃபார்வர்டரையும் மாத்தும்னு எனக்கு நெனப்பே இல்ல. வெளியாளுங்களுக்குப் பதில் சொல்றத அவங்க இப்ப நிறுத்தியிருப்பாங்க, அதான் உங்களுக்கு நெட் போயிடுச்சு."

"இத ஜி.எம்.கிட்ட போன் பண்ணி சொல்லிடுங்க. கையெடுத்துக் கும்புடுறேன்."

"சார், துபாய்லேர்ந்து வந்து ஆறு மாசம் சும்மா கெடந்து இப்பத்தான் இந்த வேல கெடச்சிருக்கு. எங்க கம்பெனிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே அனுப்பிடுவாங்க." மூச்சு வாங்கியது அவனுக்கு. "டி டிரைவ்ல செட்டப்னு ஒரு ஃபோல்டர அழிக்காம வுட்டுட்டு வந்துட்டேன். அதுல பாருங்க. எல்லாம் இருக்கு. என்னைய விட்ருங்க."

போன் வைக்கப்பட்டது.

தௌஃபீக் மறுபடியும் ஜெனரல் மேனேஜர் அறைக்கு நடந்தான். அந்த ஃபோல்டர் இருக்கிறது என்று காட்டிவிடலாம். ஆனால் பாஸ்வேர்டு எப்படி வெளியே போனது என்று கலியபெருமாள் கேட்பார். அங்கேதான் மறுபடியும் அவன் தனியாக நிற்க வேண்டும். ஜி.எம். ஒரு முறை இல்லை என்றால் போதும், இவனே அந்த ஃபைலைப் போட்டுவிட்டு மற்றவன்மேல் பழி சொல்கிறான் என்று ஆகிவிடும்.

உள்ளே இருவரும் இருந்தார்கள்.

"சார், உங்க ரெண்டு பேரு முன்னாடியும் சர்வர்ல ஒரு ஃபோல்டர் பாக்கணும். நான் தொடல. சார் மவுஸைப் பிடிக்கட்டும்."

மூவரும் சர்வர் ரூமுக்குப் போனார்கள். சிவசுப்பிரமணியனே திறந்தார். ஃபைலில் நடுவில் ஒரு வரியில் அந்த இரண்டு எண்களும் இருந்தன. தலைப்பில் துபாய் கம்பெனி ஒன்றின் பெயரும், இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியும், செபஸ்டினின் பெயரும். சர்வரில் ஃபைல் வந்து சேர்ந்த நேரம் வெள்ளிக்கிழமை மதியம் என்று காட்டியது.

"இத யாரு ஓடவிட்டது?" என்றார் கலியபெருமாள்.

"அது எனக்குத் தெரியாதுங்க," என்றான் தௌஃபீக். கமலவேணியின் முகம் மனதில் வந்துபோனது. "அந்த நேரத்துல நான் பள்ளிவாசல்ல இருந்தேன். எங்கூடத் தொழுதவங்க இருக்காங்க." பிறகு, சொல்லவே போவதில்லை என்று நினைத்ததை, சிவசுப்பிரமணியனின் கண்ணைப் பார்த்துச் சொன்னான். "சார் ஆபீஸ்லதான் இருந்தீங்க."

தான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம், இனி வேலையும் போயிற்று என்று தௌஃபீக் நினைத்தான். சிவசுப்பிரமணியன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் குடுத்தேன்," என்றார். "அந்தப் பையன் பஸ்ஸுக்குப் போகணும்னான். தௌஃபீக் வர நேரமாகும்னு நானே பாஸ்வேர்டை அடிச்சுக் குடுத்துட்டேன். வெளியாளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு போன மாசம் நானே சர்குலர் போட்டிருக்கேன். அதான்... காலையில வாய் வரல."

கலியபெருமாள் நீளமாக மூச்சு விட்டார். "சரிங்க சார்," என்றார்.

தௌஃபீக் உட்கார்ந்து துபாய் எண்களை நீக்கினான். பழைய இரண்டையும் எழுதினான். சர்வர் சேர்த்து வைத்திருந்த பழைய விடைகளையெல்லாம் துடைத்தான். ஒரு பெயரைத் தட்டினான். பக்கம் திறந்தது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அக்கவுண்ட்ஸிலிருந்து. "சரியாயிடுச்சு சார், தேங்க்ஸ்."

வெளியே வரும்போது கலியபெருமாள் அவன் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். "மனசுல வச்சுக்காதீங்க தம்பி. ஸ்டேஷன்ல காலையிலயே உங்க பேரச் சொல்லி வச்சிருந்தேன். இப்பவே கூப்பிட்டு, ஒண்ணுமில்லன்னு சொல்லிடறேன்."

அன்று வீட்டுக்குப் போனதும் ஆஃப்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை. "பேரச் சொல்லிட்டாங்கன்னா அது அங்க எழுதியில்ல இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை மதியம் அம்மா போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"தௌஃபீக்கு, நல்ல சேதிப்பா. நம்ம காமிலுக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க விசாரிக்க ஆளு அனுப்பியிருக்காங்க."

"யாரும்மா வந்தது?"

"பேரு சொல்லல. முடிய ஒட்ட வெட்டி, பேன்ட்டு சட்டையில, பாக்க கௌரவமா இருந்தாரு. காமிலு எங்க வேல பாக்குறான், யாரு யாரோட தங்கியிருக்கான், கடைசியா எப்ப வந்துட்டுப் போனான், பணம் யாரு பேருக்கு அனுப்புறான், ஒண்ணு விடல. உன்னையப் பத்தியும் கேட்டாரு. பொண்ணக் குடுக்குறவங்க கேக்கத்தானே செய்வாங்க? உக்கார வச்சு டீ குடுத்து எல்லாம் சொன்னேன். போட்டோ கேட்டாரு. நல்லதாப் பாத்து எடுத்துக் குடுத்தேன்."

வந்தது யாரென்று தௌஃபீக்குக்குப் புரிந்துவிட்டது. "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டு, கதவைத் தட்டக்கூட மறந்து சிவசுப்பிரமணியன் அறைக்குள் போய் நின்றான். சொல்லி முடிப்பதற்குள் அவர் கார் சாவியை எடுத்திருந்தார்.

ஸ்டேஷனில் அவர் இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தன் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டார். அது ஹெட் ஆபீசுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "தகவல்னு ஒண்ணு வந்தா விசாரிக்கணுமில்ல சார்? இதோட முடிச்சிடறோம்," என்றார்.

"சார், அந்த போட்டோ..." என்று இழுத்தான் தௌஃபீக்.

"அது ஃபைல்ல இருக்கட்டும். ஒண்ணும் ஆகாது."

ஹெட் ஆபீஸ் சிவசுப்பிரமணியனுக்கு மெமோ கொடுத்தது. வரவேண்டிய பதவி உயர்வு அந்த வருடம் வரவில்லை. அதைப் பற்றி அவர் தௌஃபீக்கிடம் பேசியதே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் தௌஃபீக் தொழுகைக்குக் கிளம்பும்போது மட்டும், சர்வர் ரூமைப் பூட்டினாயா என்று கேட்டு, அவரே ஒரு முறை கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார். தௌஃபீக் ஒரு வருடம்போல அங்கே இருந்துவிட்டு, பெரம்பலூரில் ஒரு கல்லூரிக்கு மாறினான். ஜீப் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பது அங்கேயும் நிற்கவில்லை.

அம்மாவிடம் அவன் உண்மையைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், பெண் வீட்டிலிருந்து தகவல் உண்டா என்று. கடைசியில் ஒரு நாள், "அவங்க வேற எடம் பாத்துட்டாங்களாம்மா," என்றான்.

சாகிரா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நம்ம புள்ளைக்கிட்ட என்ன கொறையக் கண்டாங்களாம்?"